நாலு முளைக்கு நடுவில்

பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். நைலான் கயிறு இழுத்து இழுத்துத் தளர்ந்துபோகும். அதனால் எங்கள் அலுவலகத்தில் அளவு வேலைக்கு இரும்புச் சங்கிலிதான் வைத்திருந்தோம். தூக்கிக்கொண்டு நடப்பதற்குக் கனம், தோள்பட்டையில் துரு ஒட்டும், ஆனால் ஐந்து மீட்டர் என்றால் ஐந்து மீட்டர். என்னைப் பற்றி நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளவில் ஏமாற்றினான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம் உண்டு. மாலை நேரச் சட்ட வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோதும் முதல் வரியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

மழை பொய்த்த ஆண்டில் அரசு வறட்சி மானியம் தருகிறது. யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று வீடு வீடாகப் போய் நிறுத்துப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் வெறும் எண்கள், பக்கம் பக்கமாக. சாட்சிகள் முன்னிலையில் அதைத் திறந்து ஓர் எண்ணை எடுப்போம். சரகத்தில் அந்த எண்ணுள்ள வயல்தான் மாதிரி வயல். அதன் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை தப்படி, அகலவாக்கில் இத்தனை தப்படி என்பதையும் புத்தகமே சொல்லும். அங்கே முதல் முளைக்குச்சியை அடித்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டு, மற்ற மூன்று முளைகளையும் அடிக்க வேண்டும். அறுவடை நாளில் அந்த நாலு முளைக்கு நடுவில் இருப்பதை மட்டும் அறுத்து, உதிர்த்து, நிறுக்க வேண்டும். எங்கள் சரகத்தில் மக்காச்சோளம். எட்டு கிலோவுக்குக் குறைந்தால் சரகம் முழுவதற்கும் மானியம். எட்டு கிலோ இருந்தால் ஒருவருக்கும் இல்லை.

அதாவது நூற்று நாற்பத்தாறு குடும்பங்களின் பிழைப்பு ஒரு படுக்கையறை அளவுள்ள இடத்தைப் பொறுத்தது. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படுக்கையறை நன்றாகத் தெரியும்.

முளையும் சங்கிலியும் என் பொறுப்பு. பத்து ஆண்டுகளாக. ஊரில் என்னை நாலுமுளை என்றுதான் சொல்வார்கள். எதிரே வந்தால் "நாலுமுளை வர்றாரு, பயிரை வாடுன மாதிரி நிக்கச் சொல்லுங்க" என்று சிரிப்பார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் நான் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. ஒருமுறை ஏழு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம் வந்தது. எழுதினேன், மானியம் வந்தது. மறு ஆண்டு எட்டு கிலோ பத்து கிராம். எழுதினேன், வரவில்லை. முதல் ஆண்டில் என் மேசைமேல் பழக்கூடை வைத்தவர்கள் மறு ஆண்டில் என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டையும் நான் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

இது நடந்த ஆண்டில் ஒரு சொட்டு மழை இல்லை. அலுவலக நடைபாதையில் மனுக்களோடு நின்றவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

"உங்களுக்கு எப்படிண்ணே?"

"சுத்தமா போச்சுப்பா."

"எனக்கும்தான். ஆனா உங்க அளவுக்கு நல்லா போகல."

விவசாயச் சங்கத் தலைவர் ஒருவர் உண்டு. இரட்டை நாடி உடம்பு, எப்போதும் கையில் ஒரு காகிதச் சுருள். அவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, கடவுள் இந்த முறை நம்மைக் கைவிடவில்லை, வடக்கே வந்த மேகத்தைக்கூட அடுத்த சரகத்துக்குத் திருப்பிவிட்டார் என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கும் அங்கே ஒரு துண்டு நிலம் உண்டு. அப்பா விட்டுப்போனது. அதில் சோளம் முழங்கால் உயரம்கூட வரவில்லை. எனக்கும் மானியம் வேண்டியிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் அது தவறு. எனக்குச் சம்பளம் வருகிறது.

என் நிலத்துக்கு அடுத்த நிலம் மாமாவுடையது. அக்காவின் கணவர். நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கைவிடப்பட்ட கல்குவாரியில் பழைய மழைநீர் தேங்கிக் கிடந்தது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மாமா டிரெய்லரில் இரண்டு நீலப் பீப்பாய்களை ஏற்றிக் கட்டி, பதினோரு வாரம் அதைச் சுமந்தார். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. உச்சி வெயிலில் டிரெய்லருக்கு அடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒரு தூக்கம். சரகம் முழுக்கக் காய்ந்த தோல் மாதிரிக் கிடந்தபோது அவர் நிலம் மட்டும் பச்சையாக நின்றது. பேருந்தில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கா வீட்டில் சாப்பிடுவேன். மாமா எதிரே உட்கார்ந்து, "மாப்ளே, நீ வருஷம் பூரா அடுத்தவன் விளைச்சலை நிறுத்துப் பாக்குறே. ஒரு தடவை உன் விளைச்சலை நிறுத்துப் பாரேன். தராசே வெக்கப்பட்டுத் திரும்பிக்கும்" என்பார். அக்கா சிரிப்பாள். அக்காவின் பெண் சிரிப்பாள். அதில் தவறில்லை, நன்றாகச் சொல்லப்பட்ட நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். அந்த ஆண்டில் அவர் அதைப் பதினோரு முறை சொன்னார்.

கதிர் பிடிக்கும் பருவத்தில் எண் எடுத்தோம். சாட்சிகள் மூன்று பேர்: சங்கத் தலைவர், தராசு தூக்கும் பெரியவர், புதிதாக மாற்றலாகி வந்த சரக அதிகாரி. இந்த அதிகாரிக்குத் துறைக் கையேடு கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை. நான் கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்தேன். அறுபத்து மூன்று. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகுதான் தலைவர் பதிவேட்டைப் புரட்டி அறுபத்து மூன்று யாருடையது என்று பார்த்தார்.

காகிதச் சுருள் அவர் கையிலிருந்து விழுந்தது.

"அந்தப் பச்சை வயல்காரனா?"

"ஆமாங்க" என்றேன்.

"தம்பி, வேற நம்பர் எடு."

"எடுக்க முடியாதுங்க. சாட்சிக் கையெழுத்து ஆயிடுச்சு."

"போட்டது நான்தானே, நானே அடிச்சிடுறேன்."

"பேனாவுல போட்டுட்டீங்க."

சரக அதிகாரி தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அன்றே போய் நாலு முளைகளையும் அடித்தேன். மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. உரக்கடை வாசலில் இரும்பு பெஞ்சு இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் அதில்தான். தலைவரும் இன்னும் பத்துப் பேரும் மாமாவை அங்கே பிடித்தார்கள். நான் ஓரமாக நின்றேன்.

"இருபத்தஞ்சு சதுர மீட்டர்தான் கேக்குறோம்" என்றார் தலைவர். "மிச்சமெல்லாம் நீயே வச்சுக்க. அந்த மூலைக்கு மட்டும் தண்ணி விடாதே. உனக்கும் சேர்த்துத்தானே மானியம் வருது?"

"அந்த மூலைக்கு நான் பதினோரு வாரம் சுமந்திருக்கேன். நீங்க இத்தனை பேரும் சேர்ந்து ஒரு சொம்பு சுமந்தீங்களா?"

"ஏம்ப்பா, நஷ்டப்படுறதுக்குக்கூட உழைக்கணும்னா மனுசன் எப்படிப் பிழைக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. சிரித்து முடித்துவிட்டு நியாயமாக ஒன்று சொன்னார்.

"இங்க பாருங்க, எனக்கு மானியமே வேணாம். என் நிலத்தை விட்டுட்டு வேற நிலத்தை அளக்க வழி இருந்தா தாராளமா அளந்துக்கங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன். மாப்ளேயைக் கேளுங்க. நம்ம குடும்பத்துலேயே சட்டம் படிச்சவன் அவன்தான்."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. உரக்கடைக்காரர்கூட கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வழி இல்லை" என்றேன்.

இனி என் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் நூற்று நாற்பத்தைந்து குடும்பங்கள். தலைவர் வீட்டில் கறவை மாட்டை விற்றாயிற்று. தராசுப் பெரியவர் மருமகளின் வளையலை விற்றுத் தீவனம் வாங்கியிருந்தார். இன்னொரு பக்கம் ஒரே ஒரு மனிதரின் பத்து வரிசைச் சோளம். எடையைக் குறைத்து எழுதச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். திருப்பி அனுப்பினேன். பொய்க் கணக்கு எழுதுகிறவன் இல்லை நான். ஆனால் எண் என்பது என்ன? வயலில் இருப்பதைச் சொல்வது. வயலில் இருப்பது குறைந்துபோனால், குறைந்ததை எழுதுவது பொய் ஆகாது. இதை மூன்று நாள் யோசித்தேன். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

முதலில் கல்குவாரி. அங்கே தண்ணீர் எடுக்க அனுமதி இல்லை என்பது உண்மை. உண்மையைக் கனிமத் துறைக்கு ஒரு கடிதமாக எழுதினேன். ஒரு வாரத்தில் வாசலுக்குச் சங்கிலி போட்டுப் பலகை மாட்டிவிட்டார்கள். அரசு இயந்திரம் மெதுவாக நகரும் என்று சொல்கிறார்கள், சரியான முகவரிக்கு எழுதினால் அப்படி இல்லை. மாமா மறுநாளே இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரியைக் கண்டுபிடித்துவிட்டார். "காலையில ரேடியோ கேட்டுக்கிட்டே போக நல்லாருக்கு மாப்ளே" என்றார்.

அடுத்து ஆடுகள். வேலிக் கம்பியை ஓரிடத்தில் தளர்த்திவிட்டேன். இருபது ஆடுகள் உள்ளே போயின. ஓரத்து மூன்று வரிசைகளைத் தின்றுவிட்டு, வழியோடு என் நிலத்தில் நின்றிருந்ததையும் சுத்தமாக முடித்துவிட்டு, அந்தச் சதுரத்தின் பக்கமே போகாமல் திரும்பின. ஆடுகளுக்கு முளைக்குச்சி பற்றி ஒன்றும் தெரியாது.

அதன் பிறகுதான் களைக்கொல்லி. உரக்கடையில் என் பெயரிலேயே வாங்கினேன், ரசீதோடு. ரசீது இல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை. மாமா தண்ணீர் விடும் முறை எனக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீப்பாய் பதினைந்தாம் வரிசையில் தொடங்கி இருபத்தைந்தாம் வரிசையில் முடியும். முளைகள் அடித்திருந்த இடம் அதற்குள் அடங்கியது. அதனால் இரண்டாம் பீப்பாயில் மட்டும் ஊற்றினால் போதும். மற்ற வரிசைகளுக்கு ஒரு சேதமும் வராது. மாமாவின் நஷ்டத்தை என்னால் இயன்ற அளவு குறைத்தேன். இது யாரும் கேட்டு நான் செய்ததல்ல.

உச்சி வெயில். அவர் டிரெய்லருக்கு அடியில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். மூடியைத் திருகி, ஒன்றரை லிட்டர் ஊற்றி, மூடியைத் திருகினேன்.

முதல் பீப்பாயின் குழாயில் ஒரு தகரக் குவளை தொங்கியது. அதில்தான் அவர் தண்ணீர் குடிப்பார். அதை நான் பார்த்தேன். இதையும் எழுதாவிட்டால் வாக்குமூலம் முழுமையாக இருக்காது. குவளை முதல் பீப்பாயில் இருந்தது, நான் ஊற்றியது இரண்டாவதில். இந்த வேறுபாட்டை அப்போது நான் கவனித்தேன். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. முதல் பீப்பாய் காலையிலேயே காலியாகியிருந்தது என்பதையும் கவனித்திருந்தேன். தட்டிப் பார்த்தேன், ஓசை வந்தது.

என் நிலத்து வரப்பில் போய் நின்றேன். வேறு வேலை ஒன்றும் இல்லை, ஆனால் உடனே கிளம்புவது சரியாகத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்தார். குவளையை எடுத்து முதல் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. குவளையோடு இரண்டாவதற்கு நகர்ந்தார். நிரப்பி நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். குவளையை உயர்த்திக் காட்டினார்.

"என்ன மாப்ளே, வெயில்ல நிக்கிறே? உன் நிலத்துல நிழல்கூட முளைக்கலையா?"

பிறகு குடித்தார். ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தார். ஏரித் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் வாடையடிக்கும். மீதியையும் குடித்தார்.

எங்களுக்கு நடுவே நாற்பத்திரண்டு மீட்டர். பின்னொரு நாள் சங்கிலி போட்டு அளந்து பார்த்தேன். அந்தத் தூரத்தில் கூப்பிட்டால் கேட்கும். அவர் பேசியது எனக்குக் கேட்டதே. கூப்பிட வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை. ஆனால் என்னவென்று சொல்வது? குவாரியிலிருந்து சொல்ல வேண்டும், ஆட்டைச் சொல்ல வேண்டும், ரசீதைச் சொல்ல வேண்டும். நான் எதையும் நடுவிலிருந்து தொடங்கிப் பழகாதவன். முதல் வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குவளையைக் கழுவி மாட்டிவிட்டார்.

ஆறு வரிசைக்குத் தண்ணீர் விட்டார். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். நான்தான் ஓடிப்போய்த் தூக்கி, டிராக்டரில் வைத்து மருத்துவமனைக்கு ஓட்டினேன். தாமதம் செய்யவில்லை, வழியில் எங்கும் நிறுத்தவில்லை. என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று மருத்துவர் கேட்டார். அக்கா, "மூணு மாசமா வெயில்ல தண்ணி சுமக்கிறார் டாக்டர், சொன்னா கேக்குறாரா" என்று அழுதாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான், ஆமாம், மூன்று மாதம் என்றேன். அவர் வெயில் என்று எழுதிக்கொண்டார். அந்த ஆண்டு எல்லாவற்றையும் வெயில் தலையில்தான் போட்டார்கள்.

நான்கு நாள் உயிரோடு இருந்தார். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். நான்கு கட்டில் போட்ட அறை, சன்னலில் ஒரு பச்சைத் திரை, அதன் ஓரம் கிழிந்து தொங்கியது. வாயெல்லாம் புண் அவருக்கு. பேச முடியவில்லை, ஆனாலும் பேசினார்.

"மாப்ளே, வயல் எப்படி இருக்கு?"

"காயுது மாமா."

"மிச்ச வரிசைக்குத் தண்ணி விட்டுடுடா. பீப்பாயில பாதி இருக்கும்."

"விட்டுடறேன் மாமா."

"உன் கையால விடுறதுக்கு வளருமான்னு பாப்போம்" என்றார். சிரிக்க முயன்று இருமினார். பன்னிரண்டாவது முறை என்று சொல்லலாமா தெரியவில்லை, வார்த்தைகள் வேறு.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அன்று மாலையே போய், பீப்பாயில் மீதியிருந்ததை இருபத்தொன்றாம் வரிசையிலிருந்து இருபத்தைந்தாம் வரிசை வரை ஒழுங்காக விட்டேன்.

அறுவடை நாளில் நாலு முளைக்கு நடுவில் இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். தராசை மூன்று முறை சரிபார்த்தேன். தராசுப் பெரியவர் முள்ளைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இழவு நடந்த வீட்டு நிலம் என்பதால் ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். தலைவர் என் தோளில் கைபோட்டு, "போனவர் போகும்போது ஊருக்கே நல்லது பண்ணிட்டுப் போயிருக்கார் தம்பி" என்றார். மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அன்று படிவம் நிரப்பினேன். அதில் ஏழாவது கட்டம், சேதக் காரணம். வறட்சி, வெள்ளம், பூச்சி, ஆலங்கட்டி, பிற என்று ஐந்து சிறு பெட்டிகள். எல்லாரும் வறட்சியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மானியத்துக்கு எடை மட்டும்தான் கணக்கு, இந்தக் கட்டத்தை ஒருவரும் படிப்பதில்லை. ஆனால் அந்த நிலம் வறட்சியால் போகவில்லையே. பிற என்பதில் கோடு போட்டு, எதிரே எழுதினேன்: களைக்கொல்லி, ஒன்றரை லிட்டர், இரண்டாம் பீப்பாய் வழியாக.

சரக அதிகாரி அதன்மேல் கையெழுத்துப் போட்டார்.

மானியம் வந்தது. காசோலையை அக்காவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு இருந்தா இதைத் தொட்டிருக்க மாட்டாருடா."

"தெரியும்க்கா."

"உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"டிரெய்லரும் பீப்பாயும் சும்மாதான் கிடக்கு. நீயே எடுத்துக்க. அடுத்த வருஷமாவது நீ ஏதாவது விளைய வை. அவருக்கு உன்னை நினைச்சு ஒரே கவலை. கிண்டல் பண்ணினா ரோஷம் வந்து பாடுபடுவான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

இது எனக்குப் புதுச் செய்தி. பீப்பாய்களை வாங்கிக்கொண்டேன். இரண்டாவதை நன்றாகக் கழுவினேன்.

எட்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். தணிக்கைப் பிரிவு. நாடு முழுவதும் வந்த நாலாயிரத்துச் சொச்சம் படிவங்களில் பிற என்று கோடு போட்ட படிவம் ஒன்றே ஒன்றுதானாம். ஏழாவது கட்டத்தை ஒரு மனுஷி உட்கார்ந்து படித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

"ஒன்றரை லிட்டர்னு போட்டிருக்கீங்களே, அவ்வளவு சரியா எப்படிங்க தெரியும்?"

"ரசீது இருக்குங்க" என்றேன்.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நீங்கள் வந்தீர்கள்.

வந்ததிலிருந்து மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். நேற்று மட்டும், உறை பிரிக்காத அந்தக் கையேட்டைக் கொண்டுவந்து, என் முன்னாலேயே உறையைக் கிழித்து, முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தீர்கள். படிக்கச் சொன்னீர்கள். மானாவாரிச் சரகத்தில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த வயல் மாதிரியாக வந்தால், அதை விலக்கிவிட்டு அடுத்த எண்ணை எடுக்கலாம். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, பத்து நிமிட வேலை. மாமாவின் சோளமும் நின்றிருக்கும், ஊருக்கு மானியமும் வந்திருக்கும். இந்த விதி எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நான் உடைந்து அழுவேன் என எதிர்பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். தண்ணீர் டம்ளரைக்கூட என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள்.

எனக்கு அந்த விதி தெரியும். துறைத் தேர்வில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். எண் எடுத்த நிமிடமே நினைவுக்கு வந்தது. உரக்கடை வாசலில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோதும் நினைவில் இருந்தது.

பிறகு ஏன் என்று கேட்டீர்கள். நேற்றுப் பதில் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்று வார்த்தை கூடவில்லை. இப்போது எழுதுகிறேன். விலக்குப் படிவத்தில் காரணத்தை அளவர் தன் கைப்பட, முழு வாக்கியமாக எழுத வேண்டும். அதை அலுவலக வாசலிலும் ஊர்ப் பொது இடத்திலும் பதினைந்து நாள் ஒட்டிவைக்க வேண்டும். பொது இடம் என்றால் எங்கள் ஊரில் உரக்கடைச் சுவர். நான் முயலவில்லை என்று சொல்லாதீர்கள். படிவத்தை எடுத்தேன். வயல் எண்ணை எழுதினேன். உரிமையாளர் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்துக்கு வந்தேன். சரகம் முழுவதும் கருகிய ஆண்டில் இவர் ஒருவர் மட்டும் தன் உழைப்பால் முழு விளைச்சல் எடுத்தார் என்று எழுத வேண்டும். கீழே என் பெயர், பக்கத்திலேயே என் நிலத்தின் எண், ஏனென்றால் எல்லை நிலங்களையும் குறிப்பிட வேண்டும் என்பது விதி.

ஊருக்காக நான் எவ்வளவோ செய்திருக்கிறேன், அதை மேலே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை என் கையெழுத்தில் எழுதி, ஊரே பதினைந்து நாள் நின்று வாசிக்கும்படி சுவரில் ஒட்டச் சொன்னால், ஒரு மனிதனிடம் கேட்கக்கூடியதா அது, நீங்களே சொல்லுங்கள்.